கையில் 7,000 யென், வயிற்றில் பட்டினி: 'மின்மினிகளின் கல்லறை' படத்தின் பின்னணி

ஜப்பானின் நிப்பான் தொலைக்காட்சி 2025 ஆகஸ்ட் 15 அன்று, ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, இரண்டாம் உலகப் போர்க்காலத்தைக் காட்டும் 'மின்மினிகளின் கல்லறை' என்ற அனிமேஷன் படத்தை ஒளிபரப்பியது. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸ் வழியாக அது ஜப்பானுக்கு வெளியேயும் பரவலாகப் போய்ச் சேர்ந்தது. 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' என்ற ஆங்கிலப் பெயரில் நம்மில் பலர் பார்த்தது இதைத்தான். படம் எங்கே காட்டப்பட்டாலும் பின்னாலேயே ஒரு வாக்குவாதமும் வந்துவிடுகிறது. இரண்டு பிள்ளைகளின் சாவுக்கு யார் காரணம்? நாலு வயதுக் குழந்தையின் கஞ்சியில் கணக்குப் பார்த்த அத்தையா, ரோஷப்பட்டுத் தங்கையை அழைத்துக்கொண்டு வெளியேறிய அண்ணனா?

இந்தச் சண்டையில் அதிகம் பேசப்படாத தகவல் ஒன்று படத்திலேயே இருக்கிறது. தாய் வங்கியில் 7,000 யென் விட்டுப் போயிருக்கிறாள். அன்றைய ஜப்பானில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியரின் ஆரம்பச் சம்பளம் மாதம் 50, 60 யென். ஏறக்குறைய பத்தாண்டுச் சம்பளம் வங்கிக் கணக்கில் கிடக்க, பிள்ளைகள் பசியில் சாகிறார்கள். அது எப்படி நடந்தது என்று விளங்க, போர்க்கால ஜப்பானில் அரிசி எந்த வழியாக வீட்டுக்கு வந்தது என்று தெரிய வேண்டும். அதற்கும் முன்னால், வீடு எப்படிப் போனது என்று தெரிய வேண்டும்.

## படம், சுருக்கமாக

1988 ஏப்ரல் 16-ல் வெளியான அனிமேஷன் படம். ஓடும் நேரம் ஏறக்குறைய ஒன்றரை மணி. இயக்கியவர் இசாவோ தகஹாதா. தயாரித்தது ஸ்டூடியோ ஜிப்லி, பணம் போட்டது ஷின்சோஷா என்ற பதிப்பகம். மூலக்கதையை அகியுகி நோசாகா 1967-ல் எழுதினார். அதற்கு நவோகி பரிசு என்ற ஜப்பானிய இலக்கிய விருது கிடைத்தது. அதே ஸ்டூடியோவின் 'மை நெய்பர் டோட்டோரோ'வையும் இதையும் சேர்த்து இரட்டைப் படமாகத் திரையிட்டார்கள். டோட்டோரோவுக்காகப் பிள்ளைகளைக் கூட்டிவந்த குடும்பங்கள் இதையும் பார்த்தன. 'குழந்தைகள் படம்' என்ற பெயர் இதன்மேல் ஒட்டிக்கொண்டதற்கு அந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

கதையில் செய்தாவுக்கு 14 வயது, தங்கை செட்சுகோவுக்கு 4. தந்தை கடற்படை அதிகாரி, கடலில் இருக்கிறார். 1945 ஜூன் 5-ல் அவர்கள் ஊரான கோபே மீது நடந்த குண்டுவீச்சில் தாய் சாகிறாள். பிள்ளைகள் பக்கத்து நகரமான நிஷினோமியாவில் தூரத்து உறவு அத்தை வீட்டுக்குப் போகிறார்கள். பிறகு அங்கிருந்து வெளியேறிக் குளக்கரையில் குடைந்த பதுங்குகுழியில் குடியேறுகிறார்கள். ஆகஸ்டில் தங்கை சாகிறாள், செப்டம்பர் 21 இரவு சன்னோமியா ரயில் நிலையத்தில் அண்ணன் சாகிறான். முடிவை முதல் காட்சியிலேயே சொல்லிவிடும் படம் இது; ஆகவே இங்கேயும் மறைக்க எதுவும் இல்லை.

## ஜூன் 5: வாளித் தண்ணீரால் ஏன் அணையவில்லை

கோபே, வடக்கே ரொக்கோ மலைத்தொடருக்கும் தெற்கே ஒசாகா விரிகுடாவுக்கும் நடுவில் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நகரம். மார்ச் 17 இரவில் ஒரு பெரிய தாக்குதல், மே 11-ல் விமானத் தொழிற்சாலை மீது ஒன்று, ஜூன் 5 காலையில் மூன்றாவது. மூன்றாவதில் மட்டும் அமெரிக்காவின் சுமார் 470 பி-29 விமானங்கள் 3,000 டன்னுக்கு மேல் குண்டுகளைக் கொட்டின. செய்தா ஓடி ஒதுங்கும் இஷியா ஆற்றங்கரையும், புகை நடுவே தெரியும் மிகாகே பொதுமண்டபமும் நிஜமான இடங்கள். மண்டபம் இன்றும் நிற்கிறது.

படத்தில் வானத்திலிருந்து வால் எரிய வந்து விழும் குழாய்கள் எம்-69 வகைத் தீக்குண்டுகள். அவை வேலை செய்த விதம்:

1. ஒரு குண்டு என்பது அரை மீட்டர் நீளமுள்ள அறுகோண எஃகுக் குழாய். எடை சுமார் 2.8 கிலோ. உள்ளே துணிப்பைக்குள் நேபாம், அதாவது கூழாக்கிய பெட்ரோல்.
2. இப்படி 38 குழாய்களை ஒரே கட்டாகக் கட்டி விமானத்திலிருந்து போடுவார்கள். தரைக்குச் சில நூறு மீட்டர் மேலே கட்டு அவிழ்ந்து குழாய்கள் சிதறும்.
3. ஒவ்வொரு குழாயின் பின்புறமும் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத் துணிநாடா விரியும். குழாய் தலைகீழாகப் புரளாமல், ஓட்டைத் துளைக்கும் அளவு வேகத்தோடு விழ அது உதவும். கட்டு அவிழும்போது இந்த நாடாக்கள் தீப்பிடிப்பதும் உண்டு. பிழைத்தவர்கள் 'நெருப்பு மழை' என்று சொன்னது இதைத்தான்.
4. குழாய் கூரையைத் துளைத்துத் தரையில் படுத்த பிறகு சில விநாடி சும்மா கிடக்கும். பிறகு உள்ளிருக்கும் வெடிமருந்து, எரியும் கூழைப் பக்கவாட்டில் 30 மீட்டர் வரை பீய்ச்சும்.

நான்காவது படிதான் பலரைக் கொன்றது. விழுந்ததும் வெடிக்காததால் புஸ்வாணம் என்று நினைத்துப் பக்கத்தில் போனவர்கள் உண்டு. கூழ் மரத்திலும் சதையிலும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினால் மிதந்து எரியும்.

அரசு மக்களைத் தயார் செய்திருந்ததோ வேறு வகை நெருப்புக்கு. 1941 நவம்பரில் திருத்தப்பட்ட வான்தாக்குதல் தற்காப்புச் சட்டம், நகரவாசிகள் இடத்தை விட்டு ஓடுவதைத் தடைசெய்ய அதிகாரம் தந்தது, தீயணைப்பதைக் கடமையாக்கியது, மீறினால் தண்டனை. வீட்டு வாசலில் தண்ணீர்த் தொட்டி, வாளி, கயிற்றுக்கொத்து கட்டிய தீயடிக்கும் கழி, ஏணி. இவை படத்தில் தெருவோரம் வரிசையாகத் தெரியும், எடுக்க யாரும் இல்லாமல். செய்தாவின் தாய் இதய நோயாளி என்பதால் முன்கூட்டியே பொதுப் பதுங்குமிடத்துக்குக் கிளம்புகிறாள். உடம்பெல்லாம் வெந்து, பள்ளிக்கூடத்தில் அமைத்த தற்காலிக மருத்துவமனையில் இறக்கிறாள். 1945 தாக்குதல்களில் கோபேயில் இறந்தவர்கள் 7,000-க்கு மேல்.

## பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பும் திட்டம் ஏன் இவர்களைத் தொடவில்லை

'அவ்வளவு ஆபத்தான நகரத்தில் பிள்ளைகளை ஏன் வைத்திருந்தார்கள்?' என்ற கேள்வி நியாயமானது. திட்டம் இருந்தது. 1944 ஜூன் 30-ல் அரசு முடிவெடுத்து, பெருநகரப் பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியர்களோடு கிராமத்துக் கோயில்களுக்கும் விடுதிகளுக்கும் அனுப்பியது. அந்தத் திட்டத்துக்குள் வந்தவர்கள் 3 முதல் 6-ஆம் வகுப்பு வரை படித்தவர்கள்.

செட்சுகோ பள்ளி வயதையே எட்டவில்லை. செய்தா நடுநிலைப் பள்ளி மாணவன். அந்த வயதை அரசு பாதுகாக்க வேண்டிய பிள்ளையாகப் பார்க்கவில்லை, தொழிற்சாலைக் கை என்றே பார்த்தது. 1945 ஏப்ரலிலிருந்து தொடக்கநிலைக்கு மேற்பட்ட வகுப்புகள் ஓராண்டுக்கு நிறுத்தப்பட்டு மாணவர்கள் வேலைக்கு அனுப்பப்பட்டனர். செய்தா வேலை பார்த்த எஃகு ஆலை குண்டில் போயிற்று, பள்ளியும் எரிந்தது. 'வேலைக்கும் போகவில்லை, பள்ளிக்கும் போகவில்லை' என்று அத்தை குத்திக்காட்டும் நிலை அப்படி வந்தது. ஒருத்தி திட்டத்துக்கு மிகச் சிறியவள், மற்றவன் மிகப் பெரியவன்.

## அரிசி வந்த வழி

1941 ஏப்ரல் 1 முதல் டோக்கியோ, ஒசாகா, நகோயா, கியோட்டோ, கோபே, யோகோஹாமா ஆகிய ஆறு நகரங்களில் அரிசிப் பங்கீடு தொடங்கியது. ஒருவருக்கு ஒரு நாள் அளவு:

1 முதல் 5 வயது: 120 கிராம்
6 முதல் 10 வயது: 200 கிராம்
11 முதல் 60 வயது: 330 கிராம்
61-க்கு மேல்: 300 கிராம்

உடலுழைப்பு வேலை செய்பவருக்குக் கூடுதல் உண்டு. 1942-ல் வந்த உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி விவசாயி தன் வீட்டுத் தேவை போக மீதியை அரசுக்கே கொடுக்க வேண்டும்.

330 கிராம் அரிசி ஏறக்குறைய 1,150 கிலோகலோரி. வளரும் பையனுக்குத் தேவையானதில் பாதிகூட இல்லை. மீன், காய், பருப்பு தாராளமாகக் கிடைத்தால்தான் ஈடாகும். 120 கிராம் என்பது 420 கிலோகலோரி, நாலு வயதுக் குழந்தையின் தேவையில் மூன்றில் ஒரு பங்கு. போர் முற்ற முற்ற இந்த அளவும் முழுசாக அரிசியாக வரவில்லை. கிழங்கு, பார்லி, சோளம், எண்ணெய் பிழிந்த சோயாப் புண்ணாக்கு எல்லாம் 'அரிசிக்குப் பதில்' என்று எடைபோடப்பட்டன. நாள் தள்ளி வருவதும் வராமலே போவதும் வழக்கமாயிற்று. 1945 ஜூலையில் அளவை மேலும் பத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். கொரியா, தைவான் அரிசி வந்துகொண்டிருந்த கடல்வழியை 1945 மார்ச் 27 முதல் அமெரிக்க விமானங்கள் 12,000-க்கு மேற்பட்ட கண்ணிவெடிகளைப் போட்டு அடைத்தன. அந்த நடவடிக்கைக்கு அவர்கள் வைத்த பெயரே 'பட்டினி'.

இதுவரை சொன்னது அளவு. படத்தைப் புரிந்துகொள்ள அதைவிட முக்கியம், அரிசி கைக்கு வந்த பாதை. பங்கீட்டுக் கையேடு குடும்பத்தின் பெயரில் இருக்கும். நம் ஊர் ரேஷன் கார்டு மாதிரியேதான், ஆள் இடம் மாறினால் பெயரை நீக்கி இன்னொரு குடும்பத்தோடு சேர்க்க வேண்டும். அதற்கு மேல் 'தோனாரிகுமி' என்ற அண்டைவீட்டுக் குழு. பத்து வீடு வரை சேர்ந்த இந்தக் குழுக்களை 1940 செப்டம்பரில் உள்துறை அமைச்சகம் நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. எந்த நாளில் எந்தப் பண்டம் வரும், யார் போய் வாங்கிப் பிரிப்பது, தீயணைப்புப் பயிற்சி எப்போது, எல்லாம் வீட்டுக்கு வீடு கைமாறும் ஒரு சுற்றறிக்கைப் பலகையில் வரும். பலகை உங்கள் வாசலுக்கு வந்தால் நீங்கள் கணக்கில் இருக்கிறீர்கள். குளக்கரைப் பதுங்குகுழிக்கு அது வராது.

இரக்கப்பட்டு ஆரம்பத்தில் கொஞ்சம் விற்கும் விவசாயி, பிறகு செய்தாவிடம் சொல்வது இதைத்தான்: இப்போது எல்லாம் பங்கீடு, எல்லாம் அண்டைவீட்டுக் குழு, தனியாக இருந்து சமாளிக்க முடியாது, திரும்பிப் போய் அத்தையிடம் மன்னிப்புக் கேள். அவர் ஒழுக்கம் போதிக்கிறார் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நடைமுறை சொல்கிறார், படத்தின் மிகத் துல்லியமான வசனம் அதுதான் என்பேன்.

## அப்படியானால் அந்த 7,000 யென்?

கணக்கைப் போட்டே பார்க்கலாம். போர் முடிந்தபின், 1945 அக்டோபர் இறுதியில், டோக்கியோ காவல்துறை கள்ளச் சந்தை விலைகளைப் பதிவு செய்தது. ஒரு 'ஷோ' அரிசி, அதாவது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ, அரசு விலையில் 53 சென். அரை யென்னைவிடச் சற்று அதிகம். கள்ளச் சந்தையில் 70 யென். இந்தக் கொள்ளை விலையிலேயே வாங்கினாலும் 7,000 யென்னுக்கு 100 ஷோ, 150 கிலோ கிடைக்கும். செய்தாவுக்கு 330, செட்சுகோவுக்கு 120, ஆக நாளுக்கு 450 கிராம் என்று வைத்தால் பதினோரு மாதம் ஓடும்.

காகிதத்தில் பணம் போதும். கையில் ஏன் போதவில்லை?

முதலாவது, விற்பவர்களுக்கு யென் வேண்டாம். யென்னைக் கொண்டு அவர்களால் வாங்க எதுவுமில்லை, துணி வேண்டும். செட்சுகோ அழுது தடுக்கத் தடுக்கத் தாயின் கிமோனோக்களை அத்தை எடுத்துப் போய் மாற்றி வருவது ஒரு 'தோ' அரிசி, சுமார் 15 கிலோ. மேலே சொன்ன அளவில் இரண்டு பிள்ளைகளுக்கு 33 நாள் அரிசி. அது வந்த அன்று படத்தில் எல்லோர் கிண்ணத்திலும் வெள்ளைச் சோறு.

இரண்டாவது, கள்ளச் சந்தை என்பது போர் முடியும் வரை பந்தல் போட்ட சந்தை கிடையாது. தெரிந்தவர் மூலம் தெரிந்தவரிடம் போய், கிராமத்துக்கு ரயிலேறி, வழியில் பொருளாதாரக் காவலர் பறிமுதல் செய்யாமல் தப்பி வர வேண்டும். பெரியவர்களுக்கே ஒரு நாள் வேலை. நாலு வயதுக் குழந்தையைக் குழியில் விட்டுவிட்டு 14 வயதுப் பையன் அதைச் செய்ய முடியாது, கூட்டிக்கொண்டும் போக முடியாது. செய்தா வங்கிப் பணத்தில் சுலபமாக வாங்குவது அடுப்பும் சமையல் சாமானும்தான். அவற்றுக்குப் பங்கீடு தடையாக இல்லை.

மூன்றாவது காரணம் செய்தாவே. கடைசியில் மிச்சப் பணத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தபோது அரிசி, முட்டை, தர்ப்பூசணி எல்லாம் அவனுக்குக் கிடைக்கத்தான் செய்கின்றன. முன்பே எடுத்திருந்தால்? அண்ணனைக் குறை சொல்பவர்களுக்கு இது வலுவான பிடி, மறுக்க வழியில்லை. ஆனால் அவன் தந்தை வருவார் என்று எண்ணிக் காசைக் காத்துக்கொண்டிருக்கிறான். தந்தை இருந்த கப்பலாகப் படம் சொல்லும் 'மாயா' என்ற போர்க்கப்பல், 1944 அக்டோபர் 23 அன்றே பலாவான் நீரிணையில் அமெரிக்க நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டுவிட்டது. கப்பல் இழப்புகளைக் கடற்படை வெளியே சொல்லாது. அவன் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராததன் பொருள் படம் பார்க்கும் ஜப்பானியருக்கு உடனே புரியும், நமக்குப் புரியாது.

அதே வங்கியில்தான் ஜப்பான் சரணடைந்த செய்தியும் அவன் காதில் விழுகிறது. ஆகஸ்ட் 15 நண்பகலில் நாடே வானொலியில் கேட்ட விஷயம் அவனுக்கு மட்டும் தெரியாது. எந்தச் சுற்றறிக்கைப் பலகை வராததால் அவனுக்குப் பங்கீடு வரவில்லையோ, அதே காரணத்தால் போர் முடிந்ததும் அவனுக்கு வந்து சேரவில்லை.

(பிழைத்திருந்தாலும் மிச்சப் பணம் நிலைத்திருக்காது. 1946 பிப்ரவரியில் வங்கிக் கணக்குகளை அரசு முடக்கி, மாதத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு வைத்தது. அதற்குள் விலைவாசி சேமிப்பைத் தின்றுகொண்டிருந்தது.)

## அத்தையின் பக்கம்

அவள் வார்த்தைகள் கொடியவை, அதில் சந்தேகமில்லை. வேலைக்குப் போகும் மகளுக்கும் வீட்டில் தங்கியிருக்கும் ஆளுக்கும் மதியத்துக்குச் சோற்றுருண்டை, பிள்ளைகளுக்குக் கஞ்சித் தண்ணீர். அந்த அரிசியில் ஒரு பகுதி இறந்த தாயின் கிமோனோ கொடுத்து வாங்கியது என்பதை அவள் வசதியாக மறந்துவிடுகிறாள். செய்தா தோண்டியெடுத்து வண்டியில் கொண்டுவந்த சேமிப்பு உணவையும் அவள் குடும்பம்தான் சாப்பிடுகிறது.

ஆனால் 'வேலை செய்பவனுக்கு முதலில்' என்பது அவள் கண்டுபிடித்த விதி அன்று. உழைப்பவருக்குக் கூடுதல் என்று அரசே பங்கீட்டில் எழுதியிருந்ததை அவள் சமையலறையில் நடைமுறைப்படுத்துகிறாள். அவளைத் தனி ஒரு அரக்கியாகப் பார்க்கும் கட்சி இதைத் தவறவிடுகிறது. ரோஷம்தான் கொன்றது என்னும் மறுகட்சி தவறவிடுவது இன்னொன்று: உறவினர் வீட்டுக்கு மாற்றாக அந்த நாட்டில் வேறு ஏற்பாடே இல்லாதபோது, ஒரு சிறுவனின் கோபத்துக்கு உயிர் விலையாக வைக்கப்பட்டிருந்தது.

1948 பிப்ரவரியில் சுகாதார அமைச்சகம் எடுத்த கணக்கின்படி ஒகினாவா நீங்கலாக நாட்டில் 1,23,511 அநாதைப் பிள்ளைகள். அவர்களில் உறவினர்களிடம் இருந்தவர்கள் 1,07,108 பேர், காப்பகங்களில் 12,202 பேர், தனியாக வாழ்ந்தவர்கள் 4,201 பேர். பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேர் ஏதோ ஓர் அத்தை, மாமா, தாத்தா வீட்டில். எண்ணப்படாமல் ரயில் நிலையங்களிலேயே முடிந்துபோனவர்கள் இதில் இல்லை.

போர் அநாதைகளைக் காப்பதற்கான முதல் திட்டவரைவை அரசு முடிவு செய்தது 1945 செப்டம்பர் 20-ல். நோசாகா தம் கதையில் செய்தாவின் மரணத்தை அதற்கு அடுத்த நாள் வைத்து, அந்தத் திட்டத்தின் பெயரையும் வேண்டுமென்றே எழுதுகிறார். படத்தில் இந்த வரி இல்லை. தேதி மட்டும் இருக்கிறது.

## செட்சுகோவின் உடம்பில் நடந்தது

மருத்துவர் பார்த்துவிட்டு, ஊட்டக்குறைவால் வந்த தளர்ச்சி, வயிற்றுப்போக்கும் அதனால்தான், சத்தானதாகக் கொடு என்று அனுப்பிவிடுகிறார். சத்துக்கு எங்கே போவது என்று செய்தா கத்துகிறான். நோயைச் சரியாகத்தான் சொன்னார். கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை.

படத்தில் அறிகுறிகள் ஒழுங்கான வரிசையில் வருகின்றன:

1. தோலில் தடிப்பு, புண், தலையில் பேன். புரதமும் துத்தநாகமும் குறைந்தால் தோல் முதலில் காட்டிக்கொடுக்கும்.
2. விடாத வயிற்றுப்போக்கு. பட்டினியில் குடலின் உட்படலம் மெலிந்துவிடும். சாப்பிடுவது உறிஞ்சப்படாமல் போகும், போகப்போக இன்னும் மெலியும். ஒன்றையொன்று வளர்க்கும் சுழல் இது.
3. சோர்வு, படுக்கையை விட்டு எழாமை, விளையாட மனமில்லாமை. மெலிந்த குழந்தை பசி என்று அழுவதை நிறுத்திவிட்டால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள்.
4. மனம் தடுமாறுதல். கோலிக்குண்டை மிட்டாய் என்று சப்புகிறாள், மண்ணை உருட்டிச் சோற்றுருண்டை என்று அண்ணனுக்குக் கொடுக்கிறாள்.

தர்ப்பூசணித் துண்டு அவளைக் கொல்லவில்லை. அதற்குள் நேரம் கடந்திருந்தது. ஆனால் இந்தக் கட்டத்தில் கண்டதைக் கொடுப்பது ஆபத்து என்பதும் உண்மை. பட்டினியில் சுருங்கிய உடம்புக்குத் திடீரென்று நிறைய மாவுச்சத்து போனால் இரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவுகள் சரிந்து இதயம் நின்றுவிடலாம். இன்றைய மருத்துவமனையில் இப்படிப்பட்ட குழந்தைக்கு முதலில் உடல் சூட்டையும் இரத்தச் சர்க்கரையையும் பாதுகாத்து, நோய்க்கிருமிக்கு மருந்து கொடுத்து, 100 மில்லிக்கு 75 கிலோகலோரி மட்டுமே உள்ள எஃப்-75 என்ற பாலை இரண்டு மூன்று மணிக்கொரு முறை சிறிது சிறிதாக ஊட்டுவார்கள். சில நாள் கழித்துத்தான் ஊட்டத்தைக் கூட்டுவார்கள். 1945 ஆகஸ்டில் இந்த முறை எவர் கையிலும் இல்லை.

## கதையும் நிஜமும்

நோசாகா 1930-ல் பிறந்தவர், கோபேயில் வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தவர். ஜூன் 5-ல் அவர் வீடும் எரிந்தது. நிஜத்தில் வளர்ப்புத் தாய் படுகாயத்தோடு பிழைத்தார். தங்கைக்கு நாலு வயதில்லை, ஒரு வயது நாலு மாதம். ஃபுகுயியில் ஊட்டக்குறைவால் இறந்தாள். தங்கைக்கு உரியதைத் தாமே தின்றதாகவும், அழும்போது அடித்ததாகவும், செய்தா அளவுக்குத் தாம் நல்ல அண்ணனாக இல்லை என்றும் அவர் பின்னாளில் வெளிப்படையாக எழுதினார். தாம் இருந்திருக்க வேண்டிய அண்ணனைத்தான் கதையில் படைத்தார். அதனால்தான் கதையில் அந்த அண்ணனும் சாகிறான்.

தகஹாதாவுக்கும் நேரடி அனுபவம் உண்டு. 1945 ஜூன் 29 ஒகயாமா குண்டுவீச்சில், ஒன்பது வயதில், தூக்க உடையோடும் வெறுங்காலோடும் அக்காளோடு நெருப்புக்குள் ஓடியவர். இருந்தும் 'போர் எதிர்ப்புப் படம்' என்ற முத்திரையை அவர் ஏற்கவில்லை. போரின் முடிவில் மக்கள் பட்ட பாட்டைக் காட்டுவது அடுத்த போரைத் தடுக்காது, போர் தொடங்கும் விதத்தைக் காட்டினால்தான் பயன் என்பது அவர் நிலை. சமூகத்தோடு ஒட்டாமல் தங்கையும் தானுமாக ஒரு குட்டி உலகம் கட்ட முயன்று தோற்கும் பையனைப் பற்றிய படம் என்றே அவர் பேசினார். அவர் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போக வேண்டியதில்லை. அந்தக் குட்டி உலகத்தை அவ்வளவு அழகாக வரைந்துவிட்டு, அது தவறு என்று பார்வையாளர் உணர்வார் என எதிர்பார்த்தது கொஞ்சம் அதிகம்தான்.

## பிள்ளைகளுக்குக் காட்டலாமா

ஜப்பானில் இதற்கு வயதுத் தடை இல்லை. அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பத்து வயதுக்குக் கீழே காட்டாமலிருப்பது நல்லது. பன்னிரண்டுக்கு மேல், பெரியவர் ஒருவர் கூட உட்கார்ந்து பார்க்கலாம். கவனத்தில் வைக்க வேண்டியவை:

1. தாயின் உடல் முழுக்கக் கட்டுப்போட்டு இரத்தம் கசியும் காட்சி முதல் பகுதியிலேயே வந்துவிடும், பிறகு புழுக்களோடு ஒருமுறை. பல பெரியவர்களே தயாராக இருப்பதில்லை. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.
2. முடிவை மறைக்காதீர்கள். படமே மறைக்கவில்லை. சிவப்பு வெளிச்சத்தில் தெரிபவர்கள் இறந்துபோன பிள்ளைகள் என்பதை ஆரம்பத்திலேயே சொன்னால் குழப்பம் குறையும்.
3. கிமோனோவை மாற்றும் இடத்திலும், விவசாயி பேசும் இடத்திலும் நிறுத்தி, பங்கீடு என்றால் என்ன என்று இரண்டு நிமிடம் பேசலாம். இல்லையென்றால் பிள்ளைகள் 'கெட்ட அத்தை' என்பதோடு நின்றுவிடுவார்கள்.
4. 1988-ல் செய்ததுபோல டோட்டோரோவோடு ஒரே நாளில் சேர்த்துப் போடாதீர்கள். முதலில் எது, பிறகு எது என்று வைத்தாலும் சரிப்படாது.
5. ஜப்பானிய ஒலியிலேயே பாருங்கள். செட்சுகோவுக்குக் குரல் கொடுத்தது ஐந்து வயதுச் சிறுமி. அவள் பேச்சை முதலில் பதிவு செய்துவிட்டு, அந்தத் தடங்கலுக்கும் மூச்சுக்கும் ஏற்ப வாயசைவை வரைந்தார்கள். ஜப்பானிய அனிமேஷனில் வழக்கமான முறை இதற்கு நேரெதிர். டப்பிங்கில் அது போய்விடும். சப்டைட்டில் படிக்க வேகம் போதாத பிள்ளைக்கு இந்தப் படத்தைப் பார்க்கும் வயதும் இன்னும் ஆகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.